முள்கம்பியில் சிக்கிய வௌவால்

வட ஆஸ்திரேலியாவின் கேத்தரின் ஊர்ப் பக்கம் உங்கள் பண்ணை வேலியில் வெளிறிய பெரிய வௌவால் உயிரோடு சிக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள். ஆஸ்திரேலிய வௌவால்களிடம் ரேபிஸ் போன்ற லைசா வைரஸ் இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். துண்டால் மூடிவிட்டு வனவிலங்கு மீட்பாளர்களை அழையுங்கள். இழுத்தால் சிறகு கிழிந்துவிடும், கம்பியைத்தான் வெட்ட வேண்டும்.

நீண்ட காது, பெரிய கண் என்கிறீர்கள், அப்படியென்றால் பேய் வௌவாலாகத்தான் இருக்கும். எலி, பறவை, தவளை பிடித்துத் தின்னும் இனம். இப்போது வட ஆஸ்திரேலியாவில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன, அவையும் மொத்தம் 10,000க்கும் குறைவு. வருடத்துக்கு ஒரே குட்டி, அதனால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. அப்புறம், தாழப் பறப்பதால் மேல் கம்பியில்தான் மாட்டும். அந்த ஒரு வரிசையை மட்டும் முள்ளில்லாத கம்பியாக மாற்றிவிடுங்களேன்.