ஓய்வு யோகாவால் உடல் எடை குறையுமா?

சவாசனம், யோக நித்திரை போன்ற, படுத்தபடி உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சிகளால் மன அழுத்தம் தணிந்து எடை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணைபுரியும், ஆனால் சுற்றுவழியில்தான். படுத்த நிலையில் செலவாகும் கலோரி மிகக் குறைவு. அந்தக் கணக்கில் வேகநடையே மேல்.

மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடலாம். அது பசியைக் கிளப்பி, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் தேட வைக்கிறது. வயிற்றில் கொழுப்பு சேரவும் வழிவகுக்கிறது. தூக்கம் கெட்டாலோ பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறி, 'போதும்' என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கக்கூடும். இந்தப் பயிற்சிகளில் மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடும்போது இதயத்துடிப்பு தணிகிறது, உறக்கமும் எளிதாகிறது. எல்லாவற்றையும்விட, பசிக்காக உண்கிறோமா, கவலைக்காக உண்கிறோமா என்று பிரித்தறியும் நிதானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். படுக்கும் முன் 20 நிமிடம் செய்து பாருங்கள். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மட்டும் கைவிடாதீர்கள்.