கேள்வி – பதில்: பெட்டியில் 1200, வீட்டில் 94

கேள்வி: 100 மெகாபிட் திட்டத்திலிருந்து 300-க்கு மாறினேன். அதற்காகவே ‘1200’ என்று அச்சிட்ட புதிய ரௌட்டரும் வாங்கினேன். லேப்டாப்பில் கேபிள் போட்டுப் பார்த்தாலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. இணைய நிறுவனம் ஏமாற்றுகிறதா?
– ஓசூர் வாசகர்

பதில்: 94 என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ரௌட்டரின் பின்புறம் கேபிளைச் செருகும் துளையான போர்ட் 100 மெகாபிட் வகையாக இருந்தால், நிறுவனம் எவ்வளவு அனுப்பினாலும் சோதனையில் 94, 95-க்கு மேல் வராது. அட்டையில் இருக்கும் 1200 என்பது வைஃபையின் உச்ச வேகக் கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, வந்த 1167-ஐயும் தாராளமாக முழுமையாக்கிப் போட்ட எண். உங்கள் கைபேசி வழக்கமாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்பதால், அந்தக் கூட்டுத்தொகையை எந்த வீட்டிலும் எவரும் கண்ணால் கண்டதில்லை. வாசல் ஓரடி அகலமும் கூடம் பன்னிரண்டடி அகலமுமாகக் கட்டிவிட்டு, கூடத்தின் அளவை மட்டும் விளம்பரம் செய்யும் வியாபாரம் இது. நான்கு ஆன்டெனாக்களின் கம்பீரத்தில் மயங்கிச் சென்னை ரிட்சி தெருவில் நானும் இப்படியொன்றை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையின் அடிப்பக்கத்தைப் படித்தபோதுதான் ‘10/100’, அதாவது போர்ட்டின் உச்சம் 100 மெகாபிட்தான் என்பது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, “பெட்டியிலேயே போட்டிருக்கே சார்” என்றார் கடைக்காரர்.

உங்களுடையதில் ‘10/100/1000’ (1000 மெகாபிட், அதாவது கிகாபிட் வரை) என்று இருந்தால் ரௌட்டரை விட்டுவிட்டுக் கேபிள்களைப் பாருங்கள். நீல, பழுப்பு இழைகளில் ஒன்று முனையில் சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாது. 100-க்கு இறங்கி ஓடும். முனையை வெட்டிப் புது முனையை அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப் செய்தால்) சரியாகிவிடும். மாறாக, ரௌட்டர் ‘10/100’ ஆக இருந்தும் விற்பனைப் பக்கத்தில் ‘கிகாபிட்’ என்று போட்டு விற்றிருந்தார்களானால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: குழந்தைகள் தொடாமலிருக்க ரௌட்டரை இரும்பு பீரோவில் வைத்திருக்கிறோம். படுக்கையறையில் சிக்னலே இல்லை. எந்த ரிப்பீட்டர் வாங்கலாம்?
– திருப்பூர் வாசகி

பதில்: பீரோவிலிருந்து வெளியே எடுத்து, எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு ஃபைபர் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. பத்து முறை அணைத்துப் போட்டுவிட்டேன்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: பதினோராவது முறை வேண்டாம். ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். வீட்டுக்குள் இழை மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, புகார் கொடுத்து அதன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் குத்தும் ரீசெட் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். லைன் சரியான பிறகும் அமைப்புகள் அழிந்து இணையம் வராமல் போகலாம்.

கேள்வி: எனக்கு வயது 71. ரௌட்டர் அடிக்கடி தானாக அணைந்து எரிந்தது. நிறுவனத்திலிருந்து வந்தவர், “போர்டு எரிந்துவிட்டது” என்று சொல்லி 2,800 ரூபாய்க்கு வேறொன்றை மாட்டினார். பக்கத்து வீட்டுப் பையன் பழையதில் வேறு அடாப்டரைச் செருகியதும் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ரசீது தரவில்லை.
– கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அடாப்டர் பழுதாகிப் போதிய மின்சாரம் தராவிட்டால் ரௌட்டர் இப்படித்தான் அணைந்து எரியும். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் கொண்ட வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. அதைச் செய்யாமல் போர்டு எரிந்ததாகச் சொன்னது அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் கைபேசி வழியே போயிருந்தால் அந்தப் பதிவு உங்களுக்கு நல்ல சான்று. முதலில் நிறுவனத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து எண்ணைப் பெறுங்கள். தீர்க்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: அடுக்ககத்தில் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் வைஃபை இழுக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு ரௌட்டர் மாற்றிவிட்டேன். அமைப்பு எதையும் பார்த்ததில்லை. மூன்றாவதாக எது வாங்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: இரண்டு ரௌட்டர்களுக்குப் பணம் கொடுத்தவர், ஒரு கேபிளை எடுத்து லேப்டாப்பில் செருகிப் பார்த்திருக்கலாம். இன்றிரவு எட்டு மணிக்கு அதைச் செய்யுங்கள். கேபிளிலும் வேகம் குறைந்தால் குறை பெரும்பாலும் நிறுவனத்தின் லைனில் இருக்கிறது. எந்த ரௌட்டரும் உதவாது. கேபிளில் சரியாக வந்தால், அக்கம்பக்கத்து ரௌட்டர்களெல்லாம் ஒரே சேனலில், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரே தடத்தில், பெரும்பாலும் மோதிக்கொள்கின்றன என்று பொருள். அருகிலிருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் தாண்டியவற்றை 2.4-லேயே விட்டு, ஒன்றின் மீது ஒன்று ஏறாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். மலிவான ரிப்பீட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் அது வேகத்தைப் பாதியாக்கிவிடும். என்னுடையது மேசை இழுப்பறையில் கிடக்கிறது, இனாமாகவே தருகிறேன்.