கிணற்றுக் களிமண்ணில் சுரபுன்னையைத் தேடலாமா?

கேள்வி: கிள்ளை அருகே உறைகிணறு தோண்டுகிறோம். 18 அடியில் கருங்களிமண் வந்தது. அழுகிய முட்டை வாடை வீசுகிறது. ஒரு காலத்தில் இங்கே அலையாத்திக் காடு இருந்ததாக அப்பா சொல்கிறார். இலை, வேர் எதுவும் கண்ணில் படவில்லை. உறுதிசெய்ய முடியுமா? மண்ணை எப்படி எடுத்து வைப்பது?

பதில்: முதலில் அந்த வாடையைக் கவனியுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, கிணற்றடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும், உயிருக்கே ஆபத்து. மண்ணுக்காக யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மேலே வந்த கட்டியே போதும்.

ஆனால், அதே வாடை ஒரு நல்ல சேதியும் சொல்கிறது. ஆக்சிஜன் புகாத சேறு அது. அங்கே இலை உருத்தெரியாமல் மக்கினாலும் அதன் மெழுகு நெடுங்காலம் தங்கும். தாமரை இலையில் நீர் உருள்கிறதே, அதுபோன்ற மெழுகுதான். தரைத் தாவரங்களின் மெழுகில் 27, 29, 31 கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகள் மிகுதி. பாசிகளில் 17 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி மிகுதி. பிச்சாவரத்தில் வேர்களை ஊன்றி நிற்கும் அலையாத்தி மரமான சுரபுன்னையின் இலையில் டாரக்ஸெரால் என்ற பொருள் ஏராளம். இவற்றைத்தான் மூலக்கூற்றுப் புதைபடிவங்கள் என்கிறோம். டாரக்ஸெரால் வேறு சில தாவரங்களிலும் உண்டு. அதனால் அதே மண்ணில் சுரபுன்னையின் மகரந்தத் துகளும் கிடைத்தால்தான் அப்பா சொன்னது சரி என்பேன்.

எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கட்டியை உடைத்து, வெளிப்புறம் படாத நடுப்பகுதியை, கழுவி உலர்த்திய எவர்சில்வர் கரண்டியால் எடுங்கள். கை படக்கூடாது, தோலின் எண்ணெயில் உள்ள ஸ்குவாலீனும் கொலஸ்டிராலும் ஆய்வில் பழைய தடயம்போலவே தெரியும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், அதை வளையச் செய்யச் சேர்க்கும் நெகிழ்வூட்டி வேதிப்பொருள்கள் மண்ணில் இறங்கிவிடும். அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை போதும். களிமண்ணுக்கு மேலும் கீழும் உள்ள மண்ணிலும் கொஞ்சம் எடுங்கள். ஒப்பிட அவைதான் உதவும்.

மகரந்தத்துக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அணுகலாம், அங்கே பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. மெழுகு ஆய்வுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். புட்டியோடு வைக்கும் சீட்டில் ஆழத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள்; மார்க்கர் மையும் மண்ணில் கலந்துவிடும்.