மாத்திரை கேக்குதான்னு ரத்தத்துலயே தெரியுமா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிடுச்சு, ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால வளர்ற வகைன்னு சொன்னாங்க. லெட்ரோசோலும் பால்போசிக்லிபும் ரெண்டு மாசமா சாப்பிடுறாங்க. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. டிகே1னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா மருந்து கேக்குதா இல்லையான்னு முன்னாடியே தெரியுமாமே, எடுக்கலாமா?

பதில்: ஸ்கேன் வர்ற வரைக்கும் காத்திருக்கறது எவ்வளவு கஷ்டம்னு புரியுதுங்க. நீங்க கேள்விப்பட்டது உண்மைதான்.

டிகே1னா தைமிடின் கைனேஸ், ஒரு என்சைம். செல் ரெண்டா பிரியணும்னா முதல்ல டிஎன்ஏவை இன்னொரு காப்பி எடுக்கணும், அதுக்கு வேண்டிய தைமிடினைப் பக்குவப்படுத்திக் குடுக்கறது இதுதான், சும்மா இருக்கற செல்லுல இது ரொம்பக் கம்மி, பிரியப்போற செல்லுலதான் ஏறும், அதுல கொஞ்சம் ரத்தத்துக்கும் வந்துடும். பால்போசிக்லிப் சிடிகே 4, 6ங்கற ரெண்டு புரோட்டீனை அடைச்சு செல்லை அந்தக் காப்பி எடுக்கற கட்டத்துக்கே போகவிடாது. அதனால மருந்து கேட்டா ரெண்டு வாரத்துலயே இதோட அளவு இறங்கறதைப் பார்க்கலாம். ஸ்வீடன்ல உருவான டிவிட்டம்ங்கற டெஸ்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022ல அனுமதி குடுத்துச்சு, அம்மா மாதிரி மாதவிடாய் நின்ன, ஹார்மோன் பாசிட்டிவா நோய் பரவின பெண்களுக்குத்தான்.

ஆனா அந்த அனுமதி நோயைக் கண்காணிக்க ஒரு துணையா மட்டும். இந்த நம்பரை மட்டும் வச்சு மருந்தை மாத்தவோ நிறுத்தவோ கூடவே கூடாது. வைரல் காய்ச்சல், பி12 குறைபாடு இதுலயும் டிகே1 ஏறும். இன்னொண்ணு, அம்மா 21 நாள் பால்போசிக்லிப் மாத்திரை போட்டு 7 நாள் விடுவாங்கல்ல, அந்த 7 நாள்ல என்சைம் திரும்ப ஏறலாம், அப்ப ரத்தம் குடுத்துட்டு ரிப்போர்ட்டைப் பார்த்தா வீணா பயந்துடுவீங்க. எடுக்கறதா இருந்தா மாத்திரை போடற நாள்ல, ஒவ்வொரு தடவையும் அதே கட்டத்துல, ஒரே லேப்ல எடுங்க.

என்னைக் கேட்டா, உங்க ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) இந்த ரிப்போர்ட்டைப் படிச்சுப் பழகினவரா இருந்தா எடுங்க, இல்லன்னா கடன் வாங்கி எடுக்க வேண்டாம், ஒரு மாசத்துல ஸ்கேன் சொல்லிடும். அதைவிட ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கற சிபிசி டெஸ்டைத் தவறவிடாதீங்க, பால்போசிக்லிப்ல தொற்றை எதிர்க்கற வெள்ளணு நல்லாவே குறையும். அதனால காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. எலும்பு வலி புதுசா வந்தாலோ, கால் மரத்துப் போனாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.