பழைய வண்டி கேள்வி-பதில்: தூசியோடு விலைபோன ஃபெராரி

2015ல் பாரிஸில் ஒரு பழைய ஃபெராரியைத் தூசிகூடத் தட்டாமல் ஏலம் விட்டார்களாமே? நாலு நாள் பாலிஷ் போட்டிருந்தால் இன்னும் கூடப் போயிருக்காதா?
(விருதுநகர் வாசகர்)

போயிருக்காது. முப்பது வருஷம் டிங்கரிங் ஷெட் நடத்தியவன் இப்படிச் சொல்வது தொழில் துரோகம்தான், இருந்தாலும் உண்மை அதுதான்.

நீங்கள் கேட்பது 1961 மாடல் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். துணிக்கூரை வண்டி, 12 சிலிண்டர், 3 லிட்டர் இன்ஜின். மேற்கு பிரான்ஸில் ரோஜே பையோன் என்ற லாரித் தொழிலதிபர், மியூசியம் வைக்கிற ஆசையில் பழைய கார்களாக வாங்கிக் குவித்தார். 1970களின் கடைசியில் தொழில் நொடித்தது. கொஞ்சம் வண்டிகளை விற்றார்கள். மிச்சம் அறுபதோ என்னவோ பண்ணையிலேயே கிடந்தன. கொட்டகையில் கிடந்தவற்றில் பல துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. இந்த ஸ்பைடருக்கு மூடிய கராஜ் கிடைத்தது, பக்கத்தில் ஒரு மாசெராட்டி. மேலே கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகள்! நாம் பரணில் போடுகிற சாமானை அவர்கள் ஃபெராரியின் முதுகில் போட்டிருக்கிறார்கள்.

ஆர்ட்கூரியல் என்ற ஏல நிறுவனம் அப்படியே தூசியோடு மேடையேற்றியது. விலை 1 கோடியே 62 லட்சம் யூரோவைத் தாண்டியது. அன்றைய கணக்கில் நம் பணம் நூறு கோடிக்கு மேல்.

ஏன் துடைக்கவில்லை என்பதற்கு என் கதையே போதும். பம்பாயில் அசெம்பிள் ஆன பழைய ஃபியட் 1100 ஒன்று என் ஷெட்டுக்கு வந்தது. ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். பட்டி போட்டு, தேய்த்து, கண்ணாடி மாதிரி கறுப்பு அடித்துக் கொடுத்தேன். ரெண்டு வருஷம் கழித்து அதை வாங்க வந்தவர் கேட்டார்: “கம்பெனியில் வந்தபோது என்ன கலர்?” கதவு இடுக்கில், டேஷ்போர்டுக்கு அடியில், எங்கும் பழைய பெயிண்ட் நகக்கண் அளவுகூட இல்லை. எல்லாம் என் கைங்கரியம். அவர் வாங்காமலே போய்விட்டார். பழைய வண்டிக்கு அசல் பெயிண்ட்தான் அத்தாட்சி; தேய்த்தால் அதுவும் போய்விடும்.

நம்ம ஊரில் மூணாவது ஓனர் என்றாலே விலையை அடித்துக் கேட்கிறார்கள். அங்கே மட்டும் எப்படி ஏறுகிறது?
(காரைக்குடி வாசகர்)

ஓனர் யார் என்பதைப் பொறுத்தது, ஐயா. இந்த வண்டி 1961 பாரிஸ் கார் கண்காட்சியில் நின்றது. முதலில் வாங்கியவர் ஜெரார் ப்ளேன் என்ற நடிகர். அவரிடமிருந்து பிரெஞ்சு சினிமா நட்சத்திரம் அலென் டெலோனுக்குப் போனது. அவரும் ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டாவும் இதில் உட்கார்ந்திருக்கிற போட்டோ இருக்கிறது. பையோன் வாங்கியது 1971ல். நம் ஆர்சி புக்கில் எந்த ஓனர் பெயராவது இப்படி மின்னுமா?

ஆனால் நடிகர் பெயர் மட்டும் போதாது. சேஸ் நம்பர் 2935. அந்தக் காலத்து ஃபெராரியில் ரோட்டு வண்டிக்கு ஒற்றைப்படை, ரேஸ் வண்டிக்கு இரட்டைப்படை. இன்ஜினிலும் அதே எண்தான் அடிப்பார்கள். ரெண்டும் பொருந்தினால் ஒரு விலை, இன்ஜின் மாறியிருந்தால் வேறு விலை. இத்தாலியில் மரனெல்லோ ஊரிலுள்ள ஃபெராரி தொழிற்சாலையில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முன்-பின் சக்கர இடைவெளி குறைந்த குட்டை சேஸில் வந்த கலிஃபோர்னியா ஸ்பைடர் மொத்தமே ஐம்பத்துச் சொச்சம்தான். ஆகவே டூப்ளிகேட்டுக்கும் பஞ்சமில்லை.

அந்த வண்டியை உங்கள் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
(அதே வாசகர், விடாமல்)

சாவியை ஒளித்து வைப்பேன். ‘ஒரு தடவை ஸ்டார்ட் போட்டுப் பார்ப்போம்’ என்கிற ஆசைதான் இன்ஜினுக்கு எமன். பன்னிரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவிட்டு, அப்புறம் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அது பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற மூன்று வெபர் கார்புரேட்டருக்குள் இறங்கினால் தொலைந்தோம். பிரேக் ரப்பர் அத்தனையும் புதுசாக மாற்ற வேண்டும்.

பாடிதான் பெரிய வேலை. உடம்பு இரும்பு, கதவு, பானெட், டிக்கி மூடி அலுமினியம். ரெண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். மாற்றுக் கதவும் சட்டென்று உட்காராது. ஃபெராரிக்கு பாடி கட்டிய ஸ்காலியெட்டி பட்டறையில் கையால் தட்டிச் செய்தவை. ஒரு வண்டியின் இடது பக்கமும் வலது பக்கமுமே அச்சாக ஒத்துப் போகாது. அரிப்பு மேலே பரவாமல் நிறுத்துவேன், பெயிண்டில் கை வைக்கமாட்டேன்.

பில்லை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அட்வான்ஸ் மட்டும் யூரோவில்.