அந்த மெசேஜ் எனக்கு மட்டும் வந்ததா? ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாப் குழுக்கள் சோஷியல் மீடியாவில் ரசிகர்களோடு எப்படிப் பழகுகின்றன என்று சென்னை ரசிகர்கள் கேட்டவற்றுக்கு, பல வருடமாகக் கொரியக் குழுக்களைப் பின்தொடரும் என் பதில்கள்.

அக்கா, பி.டி.எஸ். வளர்ந்தது சோஷியல் மீடியாவால்தானா? (கல்லூரி மாணவி, அண்ணா நகர்)

பாட்டு பிடிக்காமல் யாரும் பத்து வருடம் கூடவே இருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஏழு பேர் கொரியக் குழு ட்விட்டரைப் பயன்படுத்திய விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். முதல் பாட்டு வந்தது 2013 ஜூனில். கணக்கு அதற்கு முன்பே, 2012 டிசம்பரில் தொடங்கிவிட்டது. அப்போது அவர்களுடையது சின்னக் கம்பெனி, டிவியில் இடம் கிடைப்பதே கஷ்டம். ஏழு பேருக்கும் ஒரே கணக்கு. யார் எழுதினாலும் தன் பெயரை ஹேஷ்டேகாகப் போடுவார். தனித்தனி இன்ஸ்டாகிராம் கணக்கு 2021 டிசம்பரில்தான் வந்தது. ஏழு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியதால், ஒருவரைப் பார்க்க வந்தவர்கள் மற்ற ஆறு பேரையும் தெரிந்துகொண்டார்கள். 2011 முதல் ஆறு வருடம் பாடகர் ஜஸ்டின் பீபரே வாங்கிய, அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் 'டாப் சோஷியல் ஆர்ட்டிஸ்ட்' விருது 2017-இல் இவர்களுக்கு வந்தது.

லைவ் எல்லாம் தவறிப்போகிறதே? (தாம்பரம்)

சியோல் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்தரை, நீங்கள் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருப்பீர்கள். கொரியக் குழுக்கள் லைவ் வரும் வீவர்ஸ் ஆப்பில் நோட்டிஃபிகேஷனைப் போட்டு வையுங்கள். முன்பு லைவ் வந்த வி லைவ் ஆப் 2022 கடைசியோடு மூடப்பட்டுவிட்டது.

என் மகள் மாதாமாதம் பணம் கட்டி ஒரு பாடகரிடமிருந்து மெசேஜ் வாங்குகிறாள். "எனக்குத்தான் அனுப்பினார்" என்கிறாள். உண்மையா? (ஒரு அம்மா, மயிலாப்பூர்)

அம்மா, அது பபிள் போன்ற ஆப்பாக இருக்கும். மெசேஜை எழுதுவது பெரும்பாலும் அந்தப் பாடகரேதான். ஆனால் அதே மெசேஜ் சந்தா கட்டிய எல்லோருக்கும் போகிறது. திரையில் மட்டும் இருவர் பேசுவதுபோலத் தெரியும். ரசிகர்களின் பதில்கள் அவருக்கு மொத்தமாக வந்து குவியும், எல்லாவற்றையும் படிக்க முடியாது. மகளிடம் இதைச் சொல்லுங்கள், கேலி மட்டும் செய்யாதீர்கள். பரீட்சைக்கு முன்னால் "சாப்பிட்டாயா?" என்று ஒரு வரி வந்தால் அவளுக்குக் கிடைக்கும் தெம்பு பொய்யில்லை. மாதச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தால் போதும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ ஒருவர் தானாக வந்து, "நான்தான் அந்தப் பாடகர், இது என் ரகசிய நம்பர்" என்று பேசி, ரசிகர் அட்டைக்குப் பணம் கேட்டால் அது நிச்சயம் மோசடி. எந்தப் பாடகரும் அப்படிக் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

புதுப் பாட்டு வந்தால் ராத்திரி முழுக்க யூடியூபில் ஓடவிடலாமா? (பிளஸ் டூ மாணவன், பெரம்பூர்)

வேண்டாம் தம்பி, தூங்கு. செயற்கையாக ஏற்றிய வியூஸை யூடியூப் கழித்துவிடும். ரசித்து நாலு தடவை கேள்.

நாங்கள் நாலு பேர், வியாசர்பாடியில் கானாவும் ராப்பும் கலந்து பாடுகிறோம். போஸ்டர் போட்டால் லைக்கே விழவில்லை.

உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். பதினைந்து போஸ்டர் இருக்கிறது, ஒரு முகம்கூட இல்லை. யார் பாடுகிறார்கள் என்றே தெரியாமல் எப்படி ஒட்டிக்கொள்வார்கள்? மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள். தாளம் தப்பி நீங்களே சிரித்துவிடும் இடத்தை வெட்டாதீர்கள். பாட்டு வரிகளைத் தமிழில் திரையில் போடுங்கள், நிறையப் பேர் பஸ்ஸில் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். நாலு பேரும் தனித்தனிக் கணக்கு தொடங்க இப்போது அவசரமில்லை. அப்புறம், கமென்ட் போட்ட முதல் இருபது பேருக்காவது பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள். பெரிய குழுக்களுக்கு இனி அது முடியாது, உங்களுக்கு இன்று முடியும். முதல் ஒத்திகை வீடியோ போட்டதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.