வாஷ்டி பன்யன்: கிடைக்காமல் போன பத்துத் தொகுப்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் நீங்கள் எழுதிய குறிப்பொன்றில் ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யனின் பெயரைப் பார்த்துவிட்டு, 1970இல் வெளிவந்த அவருடைய ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ தொகுப்பைத் தேடிக் கேட்டேன். ஒரு வாரமாக வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இரண்டு ஐயங்கள். இதைச் ‘சைக்கடெலிக் ஃபோக்’, அதாவது மனமயக்கம் தரும் நாட்டுப்புறப் பாணி இசை, என்கிறார்கள். மின்கிதாரின் அலறலோ போதையின் மயக்கமோ இதில் எங்கே இருக்கிறது? குதிரையும் குளமும் மழையும்தானே இருக்கின்றன? அடுத்தது, சில நூறு பிரதிகளே விற்றதால் மனமுடைந்து முப்பது ஆண்டுகள் பாடாமல் இருந்துவிட்டார் என்று படித்தேன். இது உலகம் ஒரு கலைஞருக்கு இழைத்த அநீதி அல்லவா? அன்றே யாராவது கைதூக்கி விட்டிருந்தால் இன்னும் பத்துத் தொகுப்புகள் நமக்குக் கிடைத்திருக்குமே என்று மனம் ஆறவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சைக்கடெலிக் என்றவுடன் மின்கிதாரை எண்ணிக்கொள்வது அமெரிக்க மேற்குக் கரை இசைக்குழுக்களைக் கேட்டு நமக்கு வந்த பழக்கம். இங்கிலாந்தில் அந்த அலை 1967ஐ ஒட்டி வேறு பக்கம் திரும்பி, குழந்தைப் பருவத்தையும் தொழிற்சாலைகளுக்கு முந்தைய நாட்டுப்புறத்தையும் தேடிப் போனது. பாடகர் டோனவனும் இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுவினரும் அந்தத் திசையில் சென்றவர்கள். நீங்கள் கேட்ட தொகுப்பில் உள்ள ‘லில்லி பாண்ட்’ பாடலின் மெட்டைக் கவனித்தீர்களா? நம் வீட்டுக் குழந்தைகள் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டேதான் அது. வளர்ந்த ஒருவர் கேலியின் சாயல் சிறிதும் இல்லாமல், காதருகே சொல்வதுபோல அதைப் பாடும்போது நமக்கு உண்டாகும் இலேசான தலைசுற்றலுக்குத்தான் அந்தப் பெயர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியவர்கள் பெரும்பாலும் பிற்கால இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள். பன்யனோ தம்மை ‘ஃபோக்’ பாடகி என்று அழைப்பதைக்கூட ஏற்றவரல்லர். தாம் பாப் பாடகியாக விரும்பியவர் என்பதைப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இந்த மறுப்பைப் பலர் அடக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1945இல் நியூகாசிலில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் வரைவதைவிடப் பாட்டெழுதுவதில் அதிக நேரம் செலவிட்டு வெளியேற்றப்பட்டார். பதினெட்டு வயதில் நியூயார்க் சென்றபோது பாப் டிலனின் இசைத்தட்டைக் கேட்டு, பாடலே தம் வழி என்று முடிவு செய்தார். லண்டன் திரும்பியதும் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் மேலாளரான ஆண்ட்ரூ லூக் ஓல்டம் அவரைக் கண்டெடுத்தார். 1965இல் டெக்கா நிறுவனத்துக்காக வெளிவந்த முதல் தட்டின் முன்பக்கத்தில் இருந்தது அக்குழுவின் ஜாக்கரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாடல். பன்யன் தாமே எழுதிய பாடலுக்குப் பின்பக்கம்தான் கிடைத்தது. தட்டு விற்கவில்லை. 1966இல், அலஸ்டர் கிளேரின் கவிதைக்குத் தாம் மெட்டமைத்த ‘ட்ரெய்ன் சாங்’ பாடலைக் கிதாரும் செல்லோவும் மட்டும் உடன்வரப் பாடினார், அதுவும் விற்கவில்லை. அதன்பின் ஓல்டமின் இம்மீடியட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவை அந்நாளில் அவர் பெயரில் தனித் தட்டாக வெளிவரவே இல்லை. ஆகவே 1970க்கு முன்பே, இருபத்திரண்டு வயதிற்குள், அவர் ஒரு முழுத் தோல்வியைக் கண்டு முடித்திருந்தார். அதைச் சொல்லாமல் நேரே குதிரை வண்டியில் கதையைத் தொடங்குவதே பொதுவழக்காகிவிட்டது.

அந்தக் குதிரை வண்டிப் பயணம் நம் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது என்பதில் வியப்பில்லை. 1968இல் பன்யனும் அவருடைய அன்றைய துணைவர் ராபர்ட் லூயிஸும், டோனவன் கடனாகக் கொடுத்த பணத்தில் வாங்கிய குதிரையையும் வண்டியையும் கொண்டு, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் டோனவன் அமைக்கவிருந்த கலைஞர் குடியிருப்பை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. வந்தவர்களும் பெரும்பாலோர் கலைந்துவிட்டிருந்தார்கள். இருவரும் அதற்கும் அப்பால் பெர்னரே தீவுக்குச் சென்றார்கள். குளிரும் கையில் காசின்மையும் வழியில் நாடோடிகள்மீது ஊரார் காட்டிய வெறுப்பும் 2022இல் வந்த அவருடைய ‘வேவர்ட்’ என்ற தன்வரலாற்றில் உண்டு. பாடல்களில் அவை இல்லை. பாடல்கள், சாலையில் இருந்தபடி தாம் சென்று சேர விரும்பிய இடத்தைப் பற்றித் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவை. அந்தத் தொகுப்பைக் கிராம வாழ்வின் சித்திரமாகக் கேட்டால் அது சற்றே தித்திப்பு மிகுந்தது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

தயாரிப்பாளர் ஜோ பாய்ட் 1969இன் இறுதியில் லண்டனின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவற்றைப் பதிவு செய்தார். இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன், ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் டேவ் ஸ்வார்ப்ரிக், சைமன் நிக்கோல் ஆகியோரை அவர் வாசிக்க அழைத்தார். ஃபிடிலும் மாண்டலினும் வந்து சேர்ந்தன. பாடல்கள் ‘ஃபோக்’ ஆயின. நிக் டிரேக்கின் பாடல்களுக்கு வாத்தியச் சேர்க்கை செய்த ராபர்ட் கிர்பி மூன்று பாடல்களை மட்டும் ஏற்றார். தம் மனத்தில் ஒலித்ததற்கு நெருங்கி வந்தவை அவையே என்பது பன்யனின் கருத்து. தொகுப்பின் தலைப்புப் பாடலைக் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். அங்கே வாத்தியங்கள் குரலைச் சுற்றி நிற்கின்றனவே தவிர அதன்மேல் ஏறவில்லை.

பதிவு முடிந்து ஓராண்டு கழித்து, 1970 டிசம்பரில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தட்டை வெளியிட்டபோது அவர் கையில் குழந்தை இருந்தது, பயணம் பழங்கதையாகியிருந்தது. தட்டைக் கவனித்தவர் மிகச் சிலர். கிதாரைச் சுவரில் மாட்டினார். தம் குரலைத் தாமே கேட்கக் கூசி, பெற்ற பிள்ளைகளுக்குக்கூடப் பாடாமல் இருந்தார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். எனவே, இல்லற மகிழ்ச்சியில் கலையைத் துறந்தார் என்று எழுதுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை, அது காயம்தான். ஆனால் அநீதி என்ற உங்கள் சொல்லையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்தத் தட்டு அன்றே விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டும் குதிரையையும் வண்டியையும் பாடச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஃபிடிலோடு ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் ஏங்கும் அந்தப் பத்துத் தொகுப்புகள், பெரும்பாலும், பிறர் காதுக்கு அவர் பாடியவையாகவே இருந்திருக்கும்.

1997இல் முதன்முதலாகக் கணினி வாங்கி இணையத்தில் தம் பெயரைத் தேடியபோதுதான் அந்தப் பழைய தட்டைச் சிலர் பொன்போலப் போற்றுவது அவருக்குத் தெரிந்தது. 2000இல் அது குறுந்தட்டாக மீண்டும் வந்தது. தாம் தொடர்ந்து பாடலாமா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதிய இளம் பாடகர் டெவேந்திரா பன்ஹார்ட். ஒரு தலைமுறைக்கே பன்யன் முன்னோடியாகிவிட்டார். 2005இல் மேக்ஸ் ரிக்டரின் தயாரிப்பில் வந்த ‘லுக்ஆஃப்டரிங்’ தொகுப்பில் பன்ஹார்ட்டும் யாழிசைக் கலைஞர் ஜோவானா நியூசமும் வாசித்திருக்கிறார்கள். ராபர்ட் கிர்பியும் திரும்பி வந்தார். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் குரல் ஏறக்குறைய அதே குரல். பாடும் பொருள்தான் மாறிவிட்டது: பிள்ளைகளை வளர்த்து அனுப்பிய வீடு, முறிந்த உறவு, திரும்பிப் பார்க்கையில் முன்போல் தோன்றாத பாதை. பாட்டெழுத்து என்ற அளவில் அதுவே 1970ஆம் ஆண்டுத் தொகுப்பைவிட மேலானது என்று நான் கருதுகிறேன். சேகரிப்பாளர் நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

2014இல் வந்த ‘ஹார்ட்லீப்’பைத் தம் கடைசித் தொகுப்பு என்று அறிவித்தே வெளியிட்டார். அதன் பெரும்பகுதியை எடின்பரோவில் தம் வீட்டிலேயே, தாமே தயாரிப்பாளராக இருந்து பதிவு செய்தார். இரு கைகளாலும் ஒருசேரப் பியானோ வாசிக்க அவருக்கு வராது என்பதால், ஒவ்வொரு கைக்கும் உரியதைத் தனித்தனியே வாசித்துக் கணினியில் அடுக்கிச் சேர்த்தார். 1965இல் ஒரு மேலாளரின் இசைக்குழுவுக்கு நடுவே நிறுத்தப்பட்ட அந்தக் குரலைச் சுற்றி எந்த ஓசை இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கடைசியில் அவரே ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

நீங்கள் ‘ட்ரெய்ன் சாங்’ பாடலைக் கேட்டுவிட்டு, இடையில் உள்ளவற்றைத் தாண்டி நேரே ‘ஹார்ட்லீப்’புக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தெட்டு ஆண்டுகள். எனக்கு அவை ஒரே மாலையில் பதிவு செய்யப்பட்டவைபோல ஒலிக்கின்றன. உங்களுக்கும் அப்படித்தானா என்று எழுதுங்கள்.

அன்புடன்.